புரசைவாக்கத்துச் சைக்கிள் கடையில் என் விளையாட்டு நாற்காலி

பெயர்ப்பலகை கிடையாது. சந்துக்குள் டயர்கள் தொங்கும் கடை எதுவோ, அதுதான். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடும்போது இடித்ததில் என் இடது சக்கரத்தில் நாலு கம்பி போய்விட்டது. நாற்காலி விற்றவர்கள் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சரி, இங்கே கேட்போமே என்று வந்தேன்.

கடைக்கார அண்ணன் முதலில் சக்கரம் சாய்ந்திருப்பதைக் கோட்டம் என்று நினைத்து நிமிர்த்தப் பார்த்தார். பதறிப்போய்த் தடுத்தேன். சக்கரம் மேலே உள்ளே சாய்ந்து, கீழே அகன்றுதான் இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டென்று திரும்பலாம், மோதினாலும் விரல் நசுங்காது. "மாரியப்பன் மாதிரியா தம்பி?" என்றார். அவர் உயரம் தாண்டுபவர் அண்ணே, 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்றேன். எங்கள் ஆட்டத்தில் உடல் இயக்கத்தைப் பார்த்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள், களத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து 14-ஐத் தாண்டக்கூடாது என்றதும், கம்பி முடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீ எவ்வளவு?" 2.5.

நாலு கம்பி, சக்கரம் நேராக ஓடுகிறதா என்ற சோதனை, காற்று எல்லாம் சேர்த்து 420 ரூபாய். ஒரு மணி நேரம்தான். வேலை சுத்தம், இரண்டு ஆட்டம் ஆடியும் ஆடவில்லை சக்கரம்.

குறை ஒன்று: வாசலில் இரண்டு உயரப் படி. என்னைத் தூக்கிவிடப் பக்கத்து டீக்கடைக்காரர் வர வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலை போகாதீர்கள், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் வரிசையில் நிற்கும்.