தேனுண்ணிப் பெயரட்டைகள்: அச்சு நேர்த்தி, அறிவியல் பெயரில்தான் கவனம் வேண்டும்

பினாங்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஓர் அச்சுக்கடையில், தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தேனுண்ணிப் (ஹனிஈட்டர்) பறவைகளின் பெயரட்டைகள் செய்து வாங்கினோம். ஏ5 அளவு, 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, மேலே மேட் லேமினேஷன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசவில்லை, ஓரத்தில் பிசிறும் இல்லை. வேலைக்கு இந்தக் கடையைத் தாராளமாக நம்பலாம். அறிவியல் பெயர்களை மட்டும் கொடுப்பவர்தான் சரிபார்க்க வேண்டும்.

ரீஜென்ட் தேனுண்ணிக்கு அனுப்பியது: ஆந்தோகேரா ஃபிரிஜியா (ஷா, 1794). முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம், பிறகு பெயரிட்டவரும் ஆண்டும். மாதிரியில் அடைப்புக்குறி காணாமல் போயிருந்தது; அழகுக்காக எடுத்துவிட்டார்களாம். அது அலங்காரம் இல்லை. 1794இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இப்பறவைக்கு வைத்த பெயர் மெராப்ஸ் ஃபிரிஜியஸ். மெராப்ஸ் என்பது நம் ஊர் மின்கம்பிகளில் உட்காரும் பஞ்சுருட்டான்களின் பேரினம். சிற்றினம் பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாறினால், முதலில் பெயரிட்டவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போவார்கள். மாறாவிட்டால் அடைப்புக்குறி கிடையாது. ஆகவே எல்லா அட்டைக்கும் ஒரே பாணி கேட்காதீர்கள். ஃபிரிஜியஸ் என்பது ஃபிரிஜியா ஆனதற்கும் இந்த மாற்றமே காரணம்: சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும்.

பழைய கையேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தால் இன்னொரு சிக்கல். லைக்கனோஸ்டோமஸ் பேரினத்தில் இருபது சிற்றினங்கள் வரை இருந்தன. மரபணு ஆய்வை வைத்து 2011இல் அதை ஏழாகப் பிரித்தார்கள். பழைய பெயரில் இப்போது மிஞ்சியவை இரண்டே. வெண்சிறகுக் குஞ்சம் கொண்ட தேனுண்ணி இன்று டிலோட்டூலா பெனிசில்லாட்டா. பழைய நூல்களில் லைக்கனோஸ்டோமஸ் பெனிசில்லாட்டஸ் என்றிருக்கும்.

கோப்பு கொடுக்கும் முறையும் முக்கியம். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் தமிழில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறும். லத்தீன் சாய்வெழுத்து நேராகிவிடும். எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பேரினமும் சிற்றினமும் சாய்வெழுத்து. பேரினத்துக்கு மட்டும் முதலெழுத்து பெரியது. பெயரிட்டவர், ஆண்டு, மெலிஃபாகிடே என்ற குடும்பப் பெயர் மூன்றும் நேரெழுத்தில். மாதிரியை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காமல் கோப்பாக வாங்கினால் புள்ளி, குறி தெளிவாகத் தெரியும்.

படத்தையும் நீங்களே கொடுங்கள். கடைக்காரர் இணையத்தில் தேடி எடுத்த படம் தேன்சிட்டு. வளைந்த அலகு இரண்டுக்கும் உண்டு, நெருங்கிய உறவு கிடையாது: தேன்சிட்டு நெக்டாரினிடே குடும்பம். தேனுண்ணிகள் ஆஸ்திரேலியா, நியூ கினி, பசிபிக் தீவுப் பக்கத்துப் பறவைகள். மேற்கே பாலித் தீவுவரைதான் வருகின்றன, தீபகற்ப மலேசியாவில் இல்லை. தேனுண்ணியின் நாக்கு நுனி தூரிகைபோல் பிரிந்திருக்கும்.

கடையின் பிழைக்கு இலவசமாகவே திருப்பி அடித்துத் தந்தார்கள். நம் கோப்பில் பிழை என்றால் முழு விலைதான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.