கூகுள் சர்ச் கன்சோல்: மதுரைக் கடைத் தளங்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை, மாசி வீதிப் பக்கத்து லாட்ஜ், கொடைக்கானல், ராமேசுவரம் வண்டி விடும் டிராவல்ஸ், வெளியூருக்கு மல்லிகை அனுப்பும் வியாபாரி என்று யார் இணையதளம் தொடங்கினாலும், அவர்களைத் தேடி முதலில் வருவது "மாதம் எட்டுக் கட்டுரை" பேக்கேஜ்தான். தளத்தில் புதுசு புதுசாக ஏதாவது வந்துகொண்டே இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி விற்கிறார்கள். எந்தப் பக்கம் பழசாகிவிட்டது, வருகிறவர்கள் என்ன கேட்டு வருகிறார்கள் என்று பார்க்காமல் எட்டு எழுதினாலும் எண்பது எழுதினாலும் காசுதான் வீண். அதைப் பார்த்துச் சொல்லும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்றிருந்து பெயர் மாறிய, கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல். சிறிய கடைத் தளத்துக்கு முதலில் வேண்டியது இதுதான் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. குறைகளும் உண்டு. அவை தெரியாமல் எண்களைப் படித்தால் நல்ல பக்கத்தையே கெடுத்துவிடுவோம்.

பழைய கட்டுரையில் தேதியை மட்டும் மாற்றி மேலே தூக்கி வைக்கும் வழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. உள்ளே ஒன்றும் மாறாமல் தேதியை மாற்றுகிறீர்களா என்று கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே கேட்கிறது. தளம் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நிறையச் சேர்ப்பதும் பழையதை அள்ளி நீக்குவதும் தேடலில் உயர்த்தாது என்றும் அதே குறிப்பு நேராகச் சொல்கிறது. பேக்கேஜ் வாங்குமுன் கடைக்காரர்கள் படிக்க வேண்டிய வரிகள் இவை.

இணைக்கும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கிய கணக்கில் டிஎன்எஸ் என்ற அமைப்புப் பகுதிக்குப் போய், தளம் உங்களுடையது என்று காட்டக் கன்சோல் தரும் டிஎக்ஸ்டி வரியை ஒட்டினால் முழு டொமைனும் சேர்ந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் வரும். பல கடைகளில் டொமைன் கணக்கு தளம் செய்து கொடுத்தவர் கையில் இருக்கிறது. உரிமையாளர் தன் சொந்த ஜிமெயிலில் ஓனராகச் சரிபார்த்துக்கொண்டு, செய்து கொடுத்தவருக்கு ஓனருக்கு ஒரு படி கீழான ஃபுல் அனுமதி மட்டும் தர வேண்டும். சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கு சேரத் தொடங்கும் என்பதால், எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றே இணைத்து வைப்பது லாபம்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நான்கு எண்கள்: கிளிக், இம்ப்ரெஷன் (தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது), சிடிஆர் (காட்டியதில் எத்தனை சதவீதம் அழுத்தப்பட்டது), சராசரி இடம் (தேடல் முடிவு வரிசையில்). நான்கையும் டிக் செய்து, கடந்த 3 மாதத்தை அதற்கு முந்தைய 3 மாதத்தோடு ஒப்பிட்டு, பக்க வாரியாகக் கிளிக் குறைந்த வரிசையில் அடுக்கினால், கவனிக்க வேண்டிய பக்கங்கள் மேலே வந்து நிற்கும். ஆனால் கிளிக் குறைந்த பக்கம் எல்லாம் பழசான பக்கம் அல்ல. சராசரி இடம் அப்படியே இருந்து இம்ப்ரெஷன் மட்டும் இறங்கியிருந்தால், தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள்; அந்தப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். இடம் 4இல் இருந்து 11க்குப் போயிருந்தால், வேறு யாரோ அதே விஷயத்தை இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்; அவர்கள் பக்கத்தைப் படித்துவிட்டு நம்முடையதில் விட்டுப்போனதை எழுத வேண்டும். இடமும் இம்ப்ரெஷனும் மாறாமல் கிளிக் மட்டும் விழுந்தால், முதலில் தலைப்பைப் பாருங்கள். இன்னும் பழைய வருடத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வைப்பதற்காகவே இந்தக் கருவியைப் பாராட்டலாம்.

அடுத்து, அந்தப் பக்கத்தை அழுத்திவிட்டு க்வெரி (தேடிய சொற்கள்) பட்டியலைத் திறக்க வேண்டும். புதிதாக எழுத வேண்டியது அதில்தான் கிடக்கிறது. சுங்குடிச் சேலைகளின் பக்கம் "சுங்குடி சேலை சாயம் போகுமா" என்ற தேடலுக்குக் காட்டப்பட்டு, யாரும் அழுத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் விலையும் படமும் மட்டும் இருக்கிறது என்று பொருள். முதல் சலவை எப்படி, கையால் முடிச்சுப் போட்டதா மெழுகு அச்சா, இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது என்று நான்கு பத்தி அதே பக்கத்தில் சேர்த்தால் போதும். தனிக் கட்டுரை தேவையில்லை.

நம் ஊர் ஆட்கள் மூன்று விதமாகத் தேடுவார்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, ஆங்கிலத்தில். தமிழ் எழுத்தில் வந்ததை மட்டும் பார்க்க, க்வெரி ஃபில்டரில் கஸ்டம் ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும் முறை) தேர்ந்து [அ-ஹ] என்று போடுங்கள். பொருந்தாதவை என்ற தேர்வுக்கு மாற்றினால் மிச்சம் இரண்டும் வரும். எந்த மொழியில் பக்கம் வேண்டும் என்ற வாக்குவாதம் இதோடு தீரும்.

மதுரைக்கே உரிய ஒரு பொறி, திருவிழாக் கணக்கு. 2024இல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. 2025இல் மே 12. லாட்ஜுக்காரர் கன்சோலில் தயாராக இருக்கும் "சென்ற ஆண்டு இதே காலம்" ஒப்பீட்டை 2025 ஏப்ரல் கடைசியில் அழுத்தியிருந்தால், தளம் படுத்துவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும். 19 நாள் தள்ளிப்போன திருவிழாவை அந்த ஒப்பீடு அறியாது. கஸ்டம் தேதியில் கொடியேற்றத்துக்குக் கொடியேற்றம் வைத்துப் பார்க்க வேண்டும். தைப்பூசத் தெப்பத்துக்கும் இதே கணக்கு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகள் பொங்கலை ஒட்டி வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

கன்சோல் 16 மாதத் தகவலைத்தான் வைத்திருக்கும். அதாவது சென்ற ஆண்டுச் சித்திரை தெரியும், அதற்கு முந்தையது போய்விடும். திருவிழா முடிந்ததும் கூகுள் ஷீட்டில் ஏற்றுமதி செய்து வைப்பது கட்டாயம். பட்டியல் 1,000 வரிகளோடு நின்றுவிடும் என்பதால், முக்கியப் பக்கங்களை ஒவ்வொன்றாக வடிகட்டி ஏற்றுங்கள். திருவிழாவுக்கு வருடா வருடம் புது முகவரியில் பக்கம் தொடங்குவதும் கூடாது. வருடம் இல்லாத ஒரே முகவரி, மேலே இந்த ஆண்டு நிகழ்ச்சிநிரல், கீழே சென்ற ஆண்டு நடந்தது. அப்படியிருந்தால்தான் அந்தப் பக்கம் சேர்த்த பெயர் வீணாகாது.

திருத்தியதும் பக்கத்தின் முகவரியைக் கன்சோலில் மேலே உள்ள பெட்டியில் ஒட்டி, லைவ் சோதனை செய்து, பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் ஒரு முறை அழுத்தினால் போதும். பத்து முறை அழுத்துவதால் வேகம் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்பும் இருக்கிறது. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பில் கடைசியாக மாற்றிய தேதி உண்மையாக இருந்தால் கூகுள் அதை மதிக்கும். சைட்மேப்பில் எழுதும் முன்னுரிமை எண்ணையும் எத்தனை நாளுக்கொரு முறை மாறும் என்ற குறிப்பையும் அது கண்டுகொள்வதில்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் சொந்த சைட்மேப்பில் அந்தத் தேதியைச் சேர்த்தது 2024இல் வந்த 6.5 பதிப்பில்தான். பழைய பதிப்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ் கட்டுரைகளின் கதி கன்சோலின் பேஜ் இண்டெக்ஸிங் பகுதியில் தெரியும். "கிரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு" என்று வந்தால், கூகுள் படித்துப் பார்த்துவிட்டு இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்று பொருள். "மதுரையில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" போன்ற, எங்கும் இருப்பதையே திருப்பிச் சொல்லும் பக்கங்கள் இங்கே எளிதில் வந்து சேரும். ஒரே விஷயத்தைத் தொட்ட மூன்று நான்கு பக்கங்களை ஒன்றாக்கி, மற்ற முகவரிகளை 301 (நிரந்தரத் திருப்பல்) மூலம் அதற்குத் திருப்பிவிடுவதே மருந்து.

குறைகளில் பெரியது, சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவது. பட்டியலைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தம் வராது. சிறிய தளங்களுக்கு இந்த இழப்பு அதிகம். வழக்கமான நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி ஓடுவதால், அங்கே ஒரு நாள் தொடங்கும்போது நமக்குப் பகல் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆகியிருக்கும். ஒரே நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வந்தவர் திரும்ப வந்தாரா என்பதை இது சொல்லவே சொல்லாது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தினசரி விலையை ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடும் பூ வியாபாரிக்கு அதுதான் முக்கியமான கேள்வி. பனி விழும் மார்கழியில் வரத்து குறைந்து விலை ஏறும்போதும் முகூர்த்த நாளை ஒட்டியும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்கள். அவர்கள் முகவரியை நேராகத் திறப்பதால் கன்சோலில் தடயமே இருக்காது. அதற்குத் தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வேண்டும். அதை இணைத்ததும் அட்மினில் டேட்டா ரிட்டென்ஷனை (தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற அமைப்பை) திறந்து, தானாக 2 மாதம் என்று இருப்பதை 14 மாதமாக மாற்றுங்கள். மாற்றாமல் விட்டு அழிந்துபோன பயனர் தகவல் பிறகு கிடைக்காது.