சக்கர நாற்காலியுடன் ரயில் பயணம்: பிரிட்டனா, ஜப்பானா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சிலிருந்து அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர், முதலில் வீட்டிலேயே அளவுநாடாவை எடுத்து, பாதத்தாங்கியையும் சேர்த்துச் சக்கர நாற்காலியை அளந்துகொள்ள வேண்டும். இரு நாடுகளிலும் பொதுவாக ஏற்கப்படும் அதிகபட்ச அளவு 70 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் ஆகும்.

பிரிட்டனில் 'பாசஞ்சர் அசிஸ்ட்' சேவையின் வழியாக, ரயில் புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்பு வரை உதவியை இலவசமாகக் கேட்கலாம் என்றாலும், நாற்காலிக்கான இடங்கள் மிகச் சிலவே என்பதால் பயணத் தேதி முடிவானவுடனே பதிவு செய்துவிடுவது நல்லது. பயணத் திட்டத்தை அடிக்கடி மாற்றுபவருக்குப் பிரிட்டனே வசதி.

முதியவருடன் செல்வோருக்கு நான் ஜப்பானையே சொல்வேன். டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் டோக்கைடோ ஷிங்கான்சென் அதிவேக ரயில் பாதையில் ஓடும் என்700எஸ் வகை ரயில்களில், 11ஆம் பெட்டியில் சக்கர நாற்காலிக்கென 6 இடங்கள் வரை இருக்கின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் நிலைய ஊழியர் மடிப்புச் சாய்தளத்தை வாசலில் விரித்துத் தருகிறார்.