எல்லா ராஸ்பெர்ரி பை போர்டுக்கும் ஒரே கம்பைலர் என்று சொல்லி ₹14,500 பறித்தார்கள்: எச்சரிக்கை

சிறு போர்டுக் கணினிகளும் அவற்றுக்கான மென்பொருள் தொகுப்புகளும் விற்கும் ஓர் இணையக் கடையிடம் ₹14,500 கொடுத்து ஏமாந்த கொதிப்பு அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். எந்த போர்டிலும் ஓடும் என்று உறுதி கூறி கிராஸ் கம்பைலர் (ஒரு கணினியில் இருந்தபடி வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்கும் மென்பொருள்) தொகுப்பு விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

சாயப்பட்டறை ஒன்றின் தொட்டிகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் வேலையை ஏற்றிருந்தேன். அங்கே ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பவை ராஸ்பெர்ரி பை வகையில் சிறியதான பை ஜீரோ டபிள்யூ போர்டுகள். அந்தச் சிறிய போர்டிலேயே சி++ நிரலைக் கம்பைல் செய்வது பெரும் தாமதம் என்பதால், மடிக்கணினியில் கம்பைல் செய்து அனுப்புவதற்கான தொகுப்பையும் ஓராண்டுத் தொழில்நுட்ப உதவியையும் சேர்த்து ₹14,500க்குப் பேசி முடித்தோம். ஜிசிசி என்ற கம்பைலர் இலவசமாகக் கிடைப்பது எனக்குத் தெரியும். என் போர்டின் ப்ராசஸருக்குப் பொருந்தும்படி அதை அமைத்துத் தரும் பொறுப்புக்குத்தான் அந்தப் பணம்.

போர்டின் பெயரை நான் எழுத்திலேயே கொடுத்திருந்தேன். விற்பனையாளர் வீடியோ அழைப்பில் ஒரு போர்டைக் கேமரா முன் பிடித்துக் காட்டி, மாதிரி நிரலை ஓட்டினார். திரையில் வெப்பநிலை எண்கள் வரிவரியாக ஓடின. "ராஸ்பெர்ரி பை எல்லாமே ஆர்ம் தானே சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். ஆர்ம் என்பது அந்த போர்டுகளில் உள்ள ப்ராசஸர் குடும்பத்தின் பெயர். அந்த அழைப்பு முடிந்த கையோடு முழுத் தொகையையும் செலுத்தினேன். அவர் காட்டியது பை 3 என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

தொகுப்பு வந்தது. கம்பைல் ஆனது. போர்டில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' (ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை) என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துவிழுந்தது. காரணம் எளிது. ஆர்ம் ப்ராசஸர்களின் கட்டளைகளுக்கு வி6, வி7, வி8 என்று தலைமுறைகள் உண்டு; புதியதற்காகக் கம்பைல் செய்தது பழையதில் ஓடாது. 2012இல் வந்த முதல் பை-யிலும், பை ஜீரோ டபிள்யூவிலும் இருப்பது ஆர்ம்11 வகை ப்ராசஸர். அது ஆர்ம்வி6 கட்டளைகளை மட்டுமே அறியும். 2015இல் வந்த பை 2 முதற்கொண்டுதான் ஆர்ம்வி7 வருகிறது. பை 3 அதற்கும் மேலே, ஆர்ம்வி8. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 'ஆர்ம்ஹெச்எஃப்' கம்பைலர் ஆர்ம்வி7ஐக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறது. ராஸ்பெர்ரி பை போர்டுகளுக்கான லினக்ஸ் ஆகிய ராஸ்பியனோ அதே பெயரை வைத்துக்கொண்டு ஆர்ம்வி6க்காகத் தனியே கட்டப்பட்டது. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து, இலவசமாகக் கிடைக்கும் டெபியன் கம்பைலரையே இவர்கள் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நிரல் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் 'ரீட்எல்ஃப்' என்ற கருவி கொண்டு, கம்பைல் ஆன கோப்பைத் திறந்து பார்த்தபோது, ப்ராசஸர் வகை வி7 என்று அப்பட்டமாக இருந்தது.

அந்த வெளியீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். முதலில் மெமரி கார்டு பழுது என்றார்கள். பிறகு பவர் அடாப்டரை மாற்றச் சொன்னார்கள். அதன்பின் என் போர்டே போலி என்று சாதித்தார்கள். விடாமல் கேட்டதும், ஆர்ம்வி6 என்ற குறியைக் கம்பைல் கட்டளையில் சேர்த்துப் புதிய பதிப்பு என்று அனுப்பினார்கள். அதுவும் அதே வரியோடு நின்றது. குறியை மாற்றினால் நம் நிரல் மட்டும்தான் மாறும். நிரலோடு இணைக்கப்படும் சி நூலகத்தின் தொடக்கக் கோப்புகள் வி7ஆகவே இருக்கும் என்பதைக்கூட அறியாதவர்கள் ₹14,500 வாங்கியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, டிஜிட்டல் பொருளுக்குத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது. இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன்.

வாங்குவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை. போர்டில் ப்ராசஸர் வகையைக் காட்டும் 'யுநேம் -எம்' கட்டளையைக் கொடுத்து, ஆர்ம்வி6எல் என்று வந்தால் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் போர்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வேறொரு போர்டில் அல்ல. ப்ராசஸரின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓடிய பிறகு மட்டும் பணம் கொடுங்கள்.