இல்லினாய்ஸ் டெஸ்ட்டா, டி-டெஸ்ட்டா: காலேஜ் பசங்களுக்கு எதை வைக்கலாம்?

டீம் செலக்‌ஷன்னா அஜிலிட்டிக்கு, அதாவது சட்டுனு திரும்பி ஓடுற சுறுசுறுப்புக்கு, ஒரு டெஸ்ட் வைக்கணும், அதுல இந்த ரெண்டுல ஒண்ணுதான் பெரும்பாலும் வரும், எனக்கு டி-டெஸ்ட் பக்கம்தான் மனசு சாயுது, ஏன்னு சொல்றேன்.

இல்லினாய்ஸுக்கு 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், நடுவுல 3.3 மீட்டர் இடைவெளி விட்டு நாலு கோன். குப்புறப் படுத்திருந்து எந்திரிச்சு ஓடி, கோனுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போய்த் திரும்பணும். கோகோல உக்காந்திருக்கிற எட்டு பேருக்கு நடுவுல ஓடுறவன் வளையுறான்ல, கிட்டத்தட்ட அதே ஓட்டம், அதனால கோகோ டீமுக்கு இது பிரமாதம். ஆனா நல்லா ஓடுற பையனுக்கே 15, 16 செகண்ட் ஆகும், நேரா ஓடுற தூரமும் நிறைய, அதனால ஸ்பிரின்ட் அடிக்கிறவன் திரும்புறதுல சுமாரா இருந்தாலும் டைமிங்ல தப்பிச்சிடுவான்.

டி-டெஸ்ட்ல கோனை ஆங்கில T எழுத்து மாதிரி வைக்கணும், மொத்தமே 40 கஜம்தான், அதாவது சுமார் 36 மீட்டர். முன்னால 10 கஜம் ஓடி, இடப்பக்கம் 5, வலப்பக்கம் 10, திரும்ப நடுவுக்கு 5, அப்புறம் பின்னாலயே 10. பக்கவாட்டுல போறப்ப காலைக் குறுக்கே போடக்கூடாது, முகம் முன்னாடியே இருக்கணும், கோனைக் கையால தொடணும். கபடில ரெய்டரைப் பார்த்துக்கிட்டே நகருற டிஃபெண்டருக்கும், பேட்மின்டன் ஆடுறவங்களுக்கும் இந்த கால்வேலைதான் உயிர். 2000ல காலேஜ் வயசு ஆண், பெண் 304 பேரை வச்சுப் பார்த்த ஆய்வுலயும் திரும்பத் திரும்ப ஓடவிட்டா டைமிங் ரொம்ப மாறாம வந்துச்சு, இந்த வயசுக்கே சோதிச்சுப் பார்த்தது, அதான் எனக்கு இது மேல நம்பிக்கை. ஒரே கஷ்டம், முதல் தடவை ஓடுறவங்க கால் குழம்பும், ரெண்டு டிரையல் குடுத்துட்டுதான் டைம் எடுக்கணும், இல்லேன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு அநியாயம்.

நான் படிச்ச காலத்துல ஜல்லி கிடந்த கிரவுண்டுல வளையுறப்ப கூட ஓடினவன் சறுக்கி முட்டியைப் பேத்துக்கிட்டான், அதனால எந்த டெஸ்ட்டா இருந்தாலும் தரையை முதல்ல பெருக்கிடுங்க.

ஆனா ரெண்டுலயுமே ரூட் முன்னாடியே தெரியும். ஷெப்பர்ட், யங்னு ரெண்டு விளையாட்டு ஆய்வாளர்கள் 2006லயே சொன்னாங்க, எதையாவது பார்த்து அதுக்கேத்த மாதிரி சட்டுனு திரும்புறதுதான் அஜிலிட்டின்னு. அதனால டி-டெஸ்ட்ல நடுக்கோனுக்குப் பின்னால ஒருத்தரை நிக்க வைங்க, பையன் கிட்ட வர்றப்பதான் அவர் இடதா வலதான்னு கை காட்டணும், இந்த டைமிங்கைத் தனியா எழுதி வச்சுக்கோங்க, வழக்கமான டி-டெஸ்ட் டைமிங்கோட சேர்த்துடாதீங்க.