கோபுரம் விழுந்த பிறகும் எங்கட எஃப்.எம். கேட்குதா?

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்யிறவன். விடிய நாலு மணிக்கு றேடியோவைப் போட்டால்தான் தேத்தண்ணி இறங்கும்.

போன மாரிக் காத்தில எங்கட வட்டார வானொலியின்ர கோபுரம் விழுந்திட்டுது. மூண்டு நாள் வெறும் இரைச்சல். பிறகு 20 மீற்றர் கம்பமொண்டை நட்டு, குறைஞ்ச வலுவில தொடங்கினாங்கள். பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில போறது. கம்பம் குட்டையெண்டால் 20 கிலோமீற்றர் தாண்டாது. வாசலில அன்ரனாவை இழுத்து மாமரத்துப் பக்கம் திருப்பினால் எனக்குக் கேட்கும். மழையெண்டாலும் பரவாயில்லை. வீட்டுக்குள்ள வந்தால் ஒண்டுமில்லை.

வன்னியில கொக்காவிலில இருந்த ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் போரில 1990இல அழிஞ்சு, 174 மீற்றரில புதுசு 2011இலதான் திறந்தது. அந்த 21 வருசத்தை நினைச்சால் மூண்டு நாள் பெரிசில்லைத்தான்.

கைபேசியிலயும் விடுறாங்கள், தெளிவு நல்லம், ஆனால் வயலுக்குள்ள சிக்னல் எங்க? என்ர கோபம் மரண அறிவித்தலிலதான். அதைக் காலமையிலயிருந்து இரவு எட்டு மணிக்கு மாத்திப்போட்டாங்கள். பெரியம்மாவின்ர செத்தவீடு எனக்குக் காடாத்தினண்டுதான், சாம்பல் அள்ளுற நாளிலதான், தெரிஞ்சது.

என்ர புள்ளி: பாட்டுக்கு அஞ்சில நாலு. அறிவித்தலுக்கு ஒண்டு, அதுவும் வாசிக்கிற பிள்ளையின்ர உச்சரிப்புக்காக.