டொக்குடாமி தேநீர்: பானம் நன்று, துண்டறிக்கை நன்றன்று

கும்பகோணத்தில் இயற்கை வேளாண் பொருள்கள் விற்கும் கடையொன்றில், கருப்புக்கவுனி அரிசிக்கும் செக்கு நல்லெண்ணெய்க்கும் நடுவில், சில மாதங்களாக ஜப்பானிய மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் டொக்குடாமி என்னும் இலையை மட்டும் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்துச் சிறு பைகளில் அடைத்த பொட்டலம் ஒன்றை வாங்கி, அது தீரும்வரை வீட்டில் மாலை வேளைகளில் குடித்துப் பார்த்தோம். பானம் என்ற அளவில் அது பாராட்டுக்குரியதே. ஆனால் கடையில் பொட்டலத்தோடு ஒட்டித் தரும் தமிழ்த் துண்டறிக்கை, அந்த இலைக்கு அதன் சொந்த நாட்டிலேயே யாரும் சொல்லாத பெருமைகளை ஏற்றிச் சொல்கிறது. ஆகவே பானத்தைவிட அந்தத் தாளைப் பற்றியே இங்கு அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய நாட்டு வைத்தியத்தில் முதன்மையானவை என்று எண்ணப்படும் மூன்று மூலிகைகளில் டொக்குடாமியும் ஒன்று. மற்ற இரண்டும் கென்னோஷோக்கோ, செம்புரி என்பவை. தாவரவியலார் இதை ஹூட்டுயினியா கார்டேட்டா என்று அழைத்து, மிளகும் வெற்றிலையும் இடம்பெறும் அதே வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துக் கொடிக்கால்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் இதய வடிவ இலையைக் கண்டால் சிறுத்துப்போன வெற்றிலை என்றே நினைப்பார்கள். ஜப்பானில் இதை யாரும் பந்தலிட்டு வளர்க்க வேண்டியதில்லை. ஈரமும் நிழலும் உள்ள கொல்லைப்புறங்களில் வேர்த்தண்டு ஓடித் தானே மண்டிவிடுகிறது, பிடுங்கினாலும் லேசில் ஒழிவதில்லை. முற்காலத்தில் குதிரை வைத்தியர்கள் இதைப் பயன்படுத்தியதாக ஜப்பானிய அறிஞர் கைபரா எக்கிகென் 1709-இல் வெளிவந்த தம் மூலிகை நூலில் எழுதியிருக்கிறார். வீடுகளில் பச்சிலையை நெருப்பில் வாட்டிக் கட்டிகளின்மேல் வைத்துக் கட்டுவதும் அங்கே பழைய வழக்கம். நம் வீடுகளில் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி விளக்கில் வாட்டிப் போடுவதும் இதே கைவைத்தியம்தான்.

பச்சை இலையைக் கசக்கினால் மீன் கவிச்சி அடிக்கும். மேகாலயாவிலும் மணிப்பூரிலும் அதைப் பச்சையாகவே உண்கிறார்கள் என்றாலும், தஞ்சை மாவட்டத்துச் சைவ வீடு எதிலும் அந்த வாசனை எளிதில் ஏற்கப்படாது. நல்ல வேளையாக, உலர்த்தும்போது அந்தக் கவிச்சி அநேகமாக முழுதும் போய்விடுகிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் எழுவது புது வைக்கோலின் மணம். பையை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் இளம்பழுப்பு நிறம் இறங்குகிறது. கசப்பு இல்லை, துவர்ப்பும் மிகக் குறைவு, தொண்டையில் மெல்லிய இனிப்பு தங்குகிறது. காஃபீன் இல்லாததால், மாலை டிகிரி காபிக்குப் பின் இரவெல்லாம் உறக்கம் வராமல் புரள்பவர்களுக்கு இது ஒரு நல்ல மாற்று. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் சுவை கெட்டுவிடுகிறது. உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கி மண்வாடை தட்டுகிறது. கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ போடுவதே சரி.

இனி அந்தத் துண்டறிக்கை. சர்க்கரை நோய் கட்டுப்படும், ரத்தக் கொதிப்பு குறையும், சிறுநீரகம் சுத்தமாகும், கிருமிகள் அழியும், உடலின் நச்சுகள் வெளியேறும் என்று ஐந்து வாக்குறுதிகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கிருமி அழியும் என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பச்சை இலையில் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த ஆற்றலுக்கு முக்கியக் காரணம் கவிச்சியைத் தரும் டெக்கனோயில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள்தான். இலை காயும்போது அது சிதைந்து மறைந்துவிடுகிறது. ஆகவே கவிச்சி இல்லாத இந்தப் பையில் அந்தக் குணத்தையும் எதிர்பார்க்க முடியாது. காய்ந்த இலையில் எஞ்சியிருப்பவற்றில் குறிப்பிடத்தக்கவை குவெர்சிட்ரின் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரப் பொருள்களும் பொட்டாசியம் உப்புகளும். சிறுநீரைச் சற்றுப் பெருக்குவதும் மலத்தை இளக்குவதும் இவற்றின் வேலை என்று கொள்ளப்படுகிறது.

ஜப்பானின் அதிகாரபூர்வ மருந்து நூலிலும் இந்த இலை ஜூயாக்கு என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. மருந்தாக விற்கும்போது மலச்சிக்கல், அதனோடு வரும் முகப்பரு போன்ற தோல் உபாதைகள் முதலியவற்றுக்கு என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கும் ஒரு நாளைக்குப் பத்து கிராமுக்குக் குறையாமல் இலையைப் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தையே சொல்கிறார்கள். நாங்கள் வாங்கிய பை ஒவ்வொன்றின் எடை 3 கிராம். இதே இலை அங்கே தேநீராக, அதாவது உணவுப் பொருளாக, விற்கப்படும்போது நோய் தீர்க்கும் என்று உறையில் எழுத அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. நம் நாட்டிலும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தாளை அச்சிட்டுக் கொடுத்த விநியோகஸ்தருக்குத் தெரியாது என்று நம்புவதற்கில்லை. சர்க்கரை, கொழுப்பு, வீக்கம் பற்றி நடந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சோதனைக் குழாய்களிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

சிறுநீரகம் சுத்தமாகும் என்ற வரிதான் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் இளநீர் குடிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இங்கே எல்லோருக்கும் தெரியும்; பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம் என்பதுதான் அதற்குக் காரணம். பொட்டாசியம் மிகுந்த இந்த இலைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை; அவற்றைத் தினமும் விழுங்கும் பெரியவர்கள் இந்தத் தேநீரை வழக்கமாக்கிக்கொள்ளும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். கர்ப்பிணிகளும் அவ்வாறே. எங்கள் வீட்டில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு இதைக் கொடுக்கவில்லை. உடல்நலத்தோடு இருப்பவர்கள் நாளுக்கு ஒரு குவளை குடிப்பதில் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. அளவு கூடினால் வயிறு இளகும், அவ்வளவே. சீனாவில் இதே செடியின் சாற்றை ஊசி மருந்தாக ஏற்றியதில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு, 2006-இல் அரசு அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. குடிக்கும் தேநீருக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றாலும், மூலிகை என்றாலே தீங்கு செய்யாது என்று பேசுவோருக்கு இந்தச் செய்தி பயன்படும்.

நாற்பது பைகள் கொண்ட பொட்டலத்தின் விலை 880 ரூபாய், அதாவது ஒரு பை 22 ரூபாய். ஒரே பையை இரண்டாம் முறையும் ஊறவைக்கலாம், நிறம் சற்று வெளுத்தாலும் சுவை நிற்கிறது. மலச்சிக்கலுக்கென்றே வாங்குவதானால் இந்தப் பணம் வீண். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் நிலாவாரையும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. நீர்க்கடுப்புக்குச் சிறுபீளையும் நெருஞ்சிலும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கையாளப்படுபவை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே சிறுபீளை நம் வாய்க்கால் கரைகளிலேயே வளர்ந்து கிடக்கிறது. புதிய சுவைக்காகவும் காஃபீன் இல்லாத மாலைப் பானத்துக்காகவும் வாங்குவோருக்கு மட்டும் இந்த விலை நியாயப்படும்.

வாங்குவோர் கடையிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இந்திய உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை உறையில் கட்டாயம் இருக்க வேண்டும்; எங்களுக்குக் கிடைத்த பொட்டலத்தில் முகவரி இருந்தது, உரிம எண்ணின்மேல் விலைச்சீட்டை ஒட்டி மறைத்திருந்தார்கள், உரித்துத்தான் படிக்க முடிந்தது. அடுத்தது தேதி. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அச்சிடுவார்கள், 27.03.10 என்றிருந்தால் அது 2027 மார்ச் 10, நாம் படிக்கும் முறையில் 2010 மார்ச் 27 அல்ல. பிரித்த பிறகு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இலை இரண்டே நாளில் நமத்துவிடும் என்பதால், உறையை நம்பாமல் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.